முப்பது வருஷத்துப் பிரசங்கம்

சென்ற மாசி மாதம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் முகத்திலும் மார்பிலும் மஞ்சள் பூசினாற்போல் ஒரு நிறம் தட்டிற்று. என் தாயார் அதை முதலில் அழகென்றே எண்ணினாள். "பொன்னாட்டம் இருக்கிறாள், பாரேன்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாலையில் டாக்டர் வந்து பார்த்தார். ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சோதனை முடிவு வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போய், கண்களைத் துணியால் கட்டி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மேலே நீல விளக்கைப் போட்டு விட்டார்கள். மருந்தில்லை, மாத்திரையில்லை, ஊசியில்லை. வெறும் வெளிச்சம்!

அன்றிரவு அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சியில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியாக அந்த நீல வெளிச்சம் தாழ்வாரத்துத் தரையில் விழுந்து கிடந்தது. நெடுநேரம் பேசாமல் இருந்த அம்மா, "ஏண்டா, வெளிச்சம் பட்டால் காமாலை எப்படிப் போகும்?" என்று கேட்டாள்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்துவிட்டு நிறுத்திக் கொண்டவன். அந்த இரண்டு வருஷத்தை வைத்துக் கொண்டு இருபத்தைந்து வருஷமாக வீட்டில் விஞ்ஞானி என்ற பட்டத்தை அனுபவித்து வருகிறேன். ஆகையால் சற்றும் தயங்காமல், "அது வேறு மாதிரி வெளிச்சம், அம்மா" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாது என்று சொல்லேன். அதில் என்ன குறைந்து போகிறது?" என்றாள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. விளக்கைப் பற்றித் தெரிந்து கொள்வதற்காகப் புத்தகங்களைப் புரட்டப் போனேன். போன இடத்தில், 'தெரியாது' என்று சொன்ன ஒரு மனிதரும், 'நான் அன்று சொன்னது சரியில்லை' என்று சொன்ன ஒரு மனிதரும் எதிர்ப்பட்டார்கள். இருவரும் ஒரே ஆள் என்பதுதான் இதில் விசேஷம்.

முதலில் விளக்கின் கதையைச் சொல்லி விடுகிறேன். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ரோச்போர்டு என்று ஓர் ஊர். 1956-ஆம் ஆண்டு அங்கிருந்த மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை ஸிஸ்டர் வார்டு என்ற நர்ஸ் பார்த்துக் கொண்டிருந்தார். வெயிலும் காற்றும் குழந்தைகளுக்கு நல்லது என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை. வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்து, டாக்டர்கள் வருவதற்குள் உள்ளே கொண்டு வந்து விடுவாராம். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். குழந்தையின் உடம்பு வெளிறியிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் முக்கோணமாக ஆழ்ந்த மஞ்சள். மஞ்சள் ஏறிய இடமா அது? இல்லை. துணியின் நுனி மூடியிருந்ததால் வெயில் படாமல் போன இடம்! மற்ற இடங்களிலெல்லாம் மஞ்சள் இறங்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு வெயில் படும்படி வைத்திருந்த ஒரு ரத்தக் குழாயிலும் காமாலையின் மஞ்சள் பொருள் குறைந்து போயிருப்பதைப் பார்த்தார்கள். கிரீமர் என்ற டாக்டரும் அவருடைய நண்பர்களும் விளக்கை வைத்துச் சோதனை செய்து 1958-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார்கள். கல்லீரல் முதிராத குழந்தையால் வெளியேற்ற முடியாத பிலிருபின் என்ற பொருளின் வடிவத்தை நீல ஒளி மாற்றி விடுகிறது. வடிவம் மாறியதும் அது தானாகவே உடம்பிலிருந்து கழிந்து போகிறது. அம்மாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். (நம் வீடுகளில் குழந்தையை இளவெயிலில் காட்டுகிறோமே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெயிலுக்கு அளவு கிடையாது, விளக்குக்கு அளவு உண்டு. டாக்டர்கள் வெயிலை நம்பியிருக்க வேண்டாம் என்கிறார்கள்.)

ஆனால் ஒளியைக் கொண்டு நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் ரோச்போர்டில் பிறந்ததல்ல. அதன் பிறந்தகம் டென்மார்க் தேசத்துத் தலைநகரான கோபன்ஹேகன்.

டென்மார்க்குக்கு வெகு தொலைவில், வட அட்லாண்டிக் கடலில் பேரோ தீவுகள் என்று சில பாறைத் தீவுகள் இருக்கின்றன. வருஷத்தில் பெரும்பகுதி மேகமும் மூடுபனியும் கவிந்திருக்கும் அந்த இடத்தில் 1860-ஆம் ஆண்டு நீல்ஸ் பின்சென் பிறந்தார். கோபன்ஹேகனுக்கு வந்து வைத்தியம் படித்தார். படிக்கும்போதே அவரை ஒரு வியாதி பற்றிக் கொண்டது. இருதயமும் கல்லீரலும் கெட்டு, வயிற்றில் நீர் கோத்துக் கொள்ளும் கொடிய வியாதி. அவர் குடியிருந்த வீடு வடக்கு முகமாக இருந்தது. வெயில் உள்ளே நுழையாது. எப்போதும் சோர்வு. வெயிலில் கொஞ்சம் இருந்தால் தேவலை போலிருக்கிறதே என்று அவருக்கே தோன்றிற்று. எதிரே கூரையின் மேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் நகர நகரத் தானும் எழுந்து வெயிலுக்கு நகர்ந்து படுத்துக் கொண்டதைக் கவனித்தார் என்றும் சொல்வார்கள். வெயில் தேசத்தில் பிறந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் ஊர்ப் பூனை நிழலைத் தேடி அல்லவா நகரும்!

அந்தக் காலத்தில் 'லூபஸ்' என்ற தோல் க்ஷயம் ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. முகத்தில் வந்து மூக்கையும் கன்னத்தையும் அரித்துவிடும். அது வந்தவர்கள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எட்டு வருஷமாக அந்த நோயால் அவதிப்பட்டு வந்த மோகன்சென் என்ற இன்ஜினீயரை, பின்சென் கோபன்ஹேகன் மின்சார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த கரி மின்விளக்கின் கடுமையான வெளிச்சத்தை லென்ஸால் குவித்து அவர் முகத்தில் விழும்படி செய்தார். தினம் இரண்டு மணி நேரம் இப்படி நடந்தது. புண் ஆறத் தொடங்கியது. அடுத்த வருஷமே பின்சென் பெயரால் ஒரு வைத்திய நிலையம் ஏற்பட்டது. நர்ஸுகள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, நீரோட்டத்தால் குளிர்விக்கப்பட்ட படிகக் கல் வில்லையைத் தோலின் மேல் அழுத்திப் பிடித்துக் கொண்டிருப்பார்கள். அழுத்தினால் அந்த இடத்து ரத்தம் விலகும். ஒளி உள்ளே இறங்கும். 1901-க்குள் எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றார்கள், பெரும்பாலோர் குணமானார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் முகத்தைத் திறந்து கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

1903-இல் பின்சென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இருந்து கொண்டு மலேரியாக் கொசுவின் ரகசியத்தைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸுக்கு அதற்கு முந்திய வருஷம் கிடைத்த அதே பரிசு. பரிசை வாங்கிக் கொள்ள ஸ்டாக்ஹோமுக்குப் போக அவரால் முடியவில்லை. தள்ளு நாற்காலியில் உட்கார்ந்தபடி தம்முடைய வியாதியையே ஆராய்ந்து கொண்டிருந்தார். எவ்வளவு உப்பு உள்ளே போகிறது, எவ்வளவு நீர் தங்குகிறது என்று கணக்கு எழுதி, அதையும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1904 செப்டம்பரில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 43.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள்தாம் கிருமியைக் கொல்லுகின்றன என்று பலரும் நம்பினார்கள். பின்சென்னின் பழைய கருவிகளை 2005-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கடுமையான புற ஊதாக் கதிர்களை அவருடைய லென்ஸுகளும் வடிகட்டிகளும் தடுத்து விட்டிருந்தன! க்ஷயக் கிருமிக்குள்ளேயே இருக்கும் ஒரு நிறப்பொருளை ஊதா, நீல ஒளி தூண்டிவிட, அந்தப் பொருள் கிருமிக்கு யமனாகியிருக்கிறது. காரியம் பலித்தது, காரணம் வேறாக இருந்தது. நம்முடைய கதைக்கு இது ஒரு முன்னோட்டம்.

பின்சென் மறைந்தபின் அவருடைய வழி உலகெங்கும் பரவிற்று. சுவிட்சர்லாந்தின் மலைச் சரிவுகளில் லேஸான் என்ற ஊரில் க்ஷயரோகிகளை வெயிலில் கிடத்திச் சிகிச்சை செய்தார்கள். 1928-இல் அதற்குப் பக்கத்து நகரமான லோஸானில் ஒளி ஆராய்ச்சிக்காரர்களுடைய முதல் சர்வதேச மாநாடு கூடிற்று. இரண்டாவது மாநாட்டைக் கோபன்ஹேகனில் வைத்தார்கள். பின்சென்னின் ஊரல்லவா? வேறெங்கே வைப்பது?

1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி. மாநாட்டின் தொடக்க நாள். தோல் வைத்தியர்களும், க்ஷயரோக நிபுணர்களும், விளக்கு செய்கிறவர்களும் நிறைந்திருந்த அந்தச் சபையில் தொடக்கப் பிரசங்கம் செய்ய ஒரு பௌதிக சாஸ்திரியை அழைத்திருந்தார்கள். அவர் பெயர் நீல்ஸ் போர். பெயரில்தான் போரே தவிர, ஆள் பரம சாது. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி இயங்குகின்றன என்று 1913-இல் சொல்லி, 1922-இல் நோபல் பரிசு பெற்றவர். டென்மார்க் தன் பெருமைக்குரிய புதல்வராக அவரைப் போற்றியது. உலகெங்குமிருந்து இளம் விஞ்ஞானிகள் அவருடைய காலடியில் உட்கார்ந்து கற்க வந்து கொண்டிருந்தார்கள்.

போர் எழுந்து நின்று என்ன சொன்னார் தெரியுமா? 'உயிரில்லாத பொருள்களை ஆராய்கிறவன் நான். நோய் தீர்க்கும் உங்கள் கலைக்கு என்னால் எதுவும் சேர்க்க முடியாது. தயக்கத்தோடுதான் இந்த அழைப்பை ஏற்றேன்' என்ற கருத்தோடு தொடங்கினார். இப்படித் தொடங்குகிறவர்கள் பிறகு ஒரு மணி நேரம் தமக்குத் தெரியாததையெல்லாம் பேசுவார்கள் என்பது நம் ஊர் மேடை அனுபவம். போர் அப்படிச் செய்யவில்லை. தமக்குத் தெரிந்த ஒளியைப் பற்றிப் பேசி, அதன் வாயிலாகத் தெரியாத உயிரைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்பினார். 'ஒளியும் உயிரும்' என்பது அந்தப் பிரசங்கத்தின் தலைப்பு.

எனக்குப் புரிந்த அளவில் அதைச் சொல்கிறேன். ஒளி அலையா, துகளா? அலை என்று காட்டும் சோதனையைச் செய்தால் அலையாக இருக்கிறது. துகள் என்று காட்டும் சோதனையைச் செய்தால் துகளாக இருக்கிறது. இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்க முடியாது. ஆனால் இரண்டும் இல்லாமல் ஒளியை முழுதாகச் சொல்லவும் முடியாது. ஒன்றை ஒன்று மறுப்பது போலிருந்தாலும் ஒன்றை ஒன்று நிரப்புகின்றன. அணு ஏன் இடிந்து விழாமல் நிற்கிறது என்பதற்கும் பழைய யந்திர சாஸ்திரத்தில் விடையில்லை. 'குவாண்டம்' என்ற ஒரு விஷயத்தை, 'இது இப்படித்தான்' என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு மேல்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

உயிரும் அப்படியே இருக்கலாமல்லவா என்று போர் கேட்டார். ஒரு பிராணியின் உடம்பிலுள்ள ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கடைசிவரை சோதித்துப் பார்க்க வேண்டுமானால், சோதனை முடிவதற்குள் அந்தப் பிராணி செத்துப் போகும். உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால், சோதனையை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குப் பின்னால்தான் உயிர் தன் ரகசியத்தை ஒளித்து வைத்துக் கொண்டிருக்கிறதோ? ஆகவே உயிரை ரசாயனத்திலிருந்து வரவழைக்கப் பார்ப்பதை விட்டு, அதையும் குவாண்டத்தைப் போல ஓர் ஆதி உண்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமோ?

இது வேதாந்தியின் கேள்வியல்ல. பௌதிக சாஸ்திரியின் கேள்வி. அதிலேதான் அதன் கவர்ச்சி இருந்தது. போரின் தந்தை கிறிஸ்டியன் போர், உயிரினங்களின் சுவாசத்தை ஆராய்ந்த பேராசிரியர். அவருடைய வீட்டில் தத்துவ ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசுவார்கள். சிறுவன் நீல்ஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருப்பான். உயிர் என்பது யந்திரம்தானா என்ற கேள்வி அந்த வீட்டுக் கூடத்திலிருந்தே அவரோடு வந்தது என்று நினைக்கிறேன்.

அன்று காலை பெர்லின் ரயிலிலிருந்து ஓர் இளைஞர் கோபன்ஹேகனில் வந்து இறங்கினார். மாக்ஸ் டெல்புரூக் என்று பெயர். வயது 25. தந்தையார் பெர்லினில் புகழ் பெற்ற சரித்திரப் பேராசிரியர். பிள்ளை முதலில் நாடியது வான சாஸ்திரம். பிறகு அணுவின் கணக்கு. போரிடம் முன்பே சில காலம் இருந்து கற்றவர். ஸ்டேஷனில் ரோஸன்பெல்ட் என்ற நண்பர் காத்திருந்தார். 'குரு பேசப் போகிறார்; நீ அவசியம் கேட்க வேண்டுமென்று விரும்புகிறார்' என்று சொல்லி, கையோடு சபைக்கு அழைத்துப் போனார். டாக்டர்களுக்காக ஏற்பட்ட அந்தச் சபையில், டாக்டர் அல்லாத இந்த இளைஞரின் வாழ்க்கை திசை மாறிற்று. 'உயிரில் அப்படி ஒரு முரண் ஒளிந்திருக்கிறதென்றால் அதைக் கண்டுபிடித்தே தீர வேண்டும்' என்று முடிவு செய்து கொண்டார். அணுவை விட்டார், உயிரைப் பிடித்தார்.

பெர்லினில் அவருக்கு உத்தியோகம் லிஸ் மைட்னர் அம்மையாரிடம். பகலில் அணு; மற்ற நேரத்தில் தம் தாயார் வீட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்து உயிரைப் பற்றிய விவாதம். அந்த விவாதங்களிலிருந்து 1935-இல், டெல்புரூக்கும் வேறு இருவரும் சேர்ந்து, பரம்பரைக் குணங்களைத் தாங்கும் 'ஜீன்' என்பது ஒரு மூலக்கூறாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஷ்ரோடிங்கர் டப்ளினில் பேசி, 1944-இல் 'உயிர் என்றால் என்ன?' என்ற சிறு புத்தகமாக வெளியிட்டாரே, அதில் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான இடம் உண்டு.

இதற்குள் ஜெர்மனியில் ஹிட்லர் வந்துவிட்டான். சர்வகலாசாலையில் ஆசிரியராக வேண்டுமானால் அரசியல் முகாமுக்குப் போய்ப் பக்குவப்பட்டு வர வேண்டும். டெல்புரூக் போனார், போதிய அரசியல் பக்குவம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பரீட்சையில் தோற்றது அவருக்கும் விஞ்ஞானத்துக்கும் பெரும் பாக்கியம். 1937-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே காலிபோர்னியாவில் எல்லிஸ் என்ற ஆராய்ச்சியாளர் அவருக்கு ஓர் அற்புதத்தைக் காட்டினார். பாக்டீரியாவைத் தின்னும் 'பேஜ்' என்ற வைரஸ். கண்ணால் பார்க்க முடியாத இது பாக்டீரியாவுக்குள் புகுந்து, அரை மணி நேரத்தில் ஒன்று நூறாகப் பெருகி, வீட்டை உடைத்துக் கொண்டு வெளியே வரும். தட்டில் படிந்திருக்கும் பாக்டீரியாப் படலத்தில் ஒரு வைரஸ் விழுந்த இடத்தில் ஒரு துளை விழும். துளைகளை எண்ணினால் வைரஸை எண்ணியாயிற்று! கணக்குக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உயிர் பெருகும் வித்தையை இவ்வளவு எளிய உருவத்தில் அவர் அதுவரை கண்டதில்லை. இத்தாலியிலிருந்து தப்பி வந்திருந்த லூரியாவும் அவரோடு சேர்ந்து கொண்டார். இரண்டாம் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த காலம். சட்டப்படி இருவருமே அமெரிக்காவுக்கு எதிரி நாட்டுப் பிரஜைகள். அந்த இரண்டு எதிரிகளும் சேர்ந்து 1943-இல் பாக்டீரியாவின் பரம்பரை மாறுதல்களைப் பற்றிச் செய்த சோதனை இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 1945-இல் நியூயார்க்குக்கு அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் டெல்புரூக் ஒரு கோடை வகுப்புத் தொடங்கினார். அந்த வகுப்பைச் சுற்றி ஒரு குருகுலமே வளர்ந்தது.

அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஒளியைப் பற்றி இன்னொரு வேடிக்கை நடந்தது. கெல்னர் என்பவர் ஒரு பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரின் வித்துக்களைப் புற ஊதாக் கதிரால் கொன்று, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக் கொண்டிருந்தார். கணக்கு ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லை. சூட்டினால் வந்த வித்தியாசமோ என்று மாதக் கணக்கில் அலைந்தார். கடைசியில் பார்த்தால், ஜன்னல் வெளிச்சம் பட்ட வித்துக்கள் பிழைத்துக் கொண்டிருந்தன! ஓர் ஒளி கொன்றதை இன்னோர் ஒளி பிழைக்க வைத்தது. 1949-இல் இதை வெளியிட்டார். உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு பொருள், சாதாரண வெளிச்சத்தின் சக்தியை வாங்கி, புற ஊதாக் கதிர் செய்த காயத்தைத் தைத்து விடுகிறது என்பது பின்னால் தெளிவாயிற்று.

கெல்னர் வைத்திருந்த அந்த நுண்ணுயிர் இனத்திலிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை எடுத்திருந்தார்கள். க்ஷயத்தை விரட்டும் மருந்து அது. அந்த மருந்தும் அதன் தம்பிமார்களும் வந்தபின் பின்சென்னின் விளக்குகளுக்கு வேலை போயிற்று. மலைச்சரிவு வெயில் விடுதிகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒளியால் நோய் தீர்ப்பவர்களின் கூட்டம் மெள்ள மெள்ள ஒளிக்கும் உயிருக்கும் உள்ள உறவு முழுவதையும் ஆராயும் கூட்டமாக மாறிற்று. 1954-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒளி உயிரியல் என்ற புதுப் பெயரோடு முதல் மாநாடு கூடிற்று. 1960-இல் மூன்றாவது மாநாடு மறுபடி கோபன்ஹேகனுக்கே வந்தது.

டெல்புரூக்கின் முரண் என்ன ஆயிற்று? அதைத்தான் சொல்ல வந்தேன். லூரியாவின் மாணாக்கரான வாட்ஸன், 1953 மார்ச்சில் டெல்புரூக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். தானும் கிரிக்கும் கண்டுபிடித்த டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அதில் விவரித்திருந்தார். டெல்புரூக் உடனே அதன் பெருமையை உணர்ந்தார். அணுவின் உட்கருவை ரூதர்போர்டு கண்டதற்கு ஒப்பானது இது என்று தம் குரு போருக்கு எழுதினார். ஆனால் அந்தச் சுருள் ஏணியில் முரண் எதுவும் இல்லை. இரண்டு இழைகள், ஒன்று மற்றொன்றின் அச்சு, பிரிந்தால் ஒவ்வொன்றும் தனக்குத் துணையைத் தானே வார்த்துக் கொள்ளும். குழந்தை கூடப் புரிந்து கொள்ளும்படியான ரசாயனம். உயிர் ஒன்று இரண்டாகும் வித்தையில் சாதாரணப் பௌதிகத்தை மீறிய எதையும் காணோம். இருபது வருஷமாக எதைத் தேடி அலைந்தாரோ, அது அந்த இடத்தில் இல்லை!

வேறொருவராயிருந்தால் மனம் உடைந்திருப்பார். அல்லது, இருக்கிறது என்று சாதித்துக் கொண்டிருப்பார். டெல்புரூக் எழுந்து வேறிடத்துக்குப் போய்த் தேடினார். எங்கே போனார் தெரியுமா? மறுபடி ஒளிக்கே! பைகோமைஸஸ் என்ற பூஞ்சணம். மயிர்போல் மெல்லிய, ஒரே ஓர் உயிரணுவாலான தண்டு. தலையில் குண்டூசிக் கொண்டைபோல் வித்துப் பை. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்டு வளையும். மூளை இல்லாத ஓர் உயிரணு ஒளியை எப்படி அறிகிறது? பேஜ் ஆராய்ச்சிக்காக லூரியா, ஹெர்ஷி இருவரோடு சேர்ந்து 1969-இல் நோபல் பரிசு வந்தபோதும், 1981-இல் இறக்கும் வரையிலும், அவர் மனம் அந்தப் பூஞ்சணத்திலேயே இருந்தது. விடை அவர் ஆயுளில் கிடைக்கவில்லை. ஒளியை உணரும் அந்த ஜீனை 2006-இல்தான் அடையாளம் கண்டார்கள். அந்த வகை ஜீன்களுக்கு 'மாட்' என்று அவர் பெயரின் எழுத்துக்களையே வைத்திருக்கிறார்கள்.

இனி குருவின் பக்கம் வருவோம். 1962-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பரம்பரையியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டெல்புரூக். திறப்பு விழாவுக்குத் தம் பழைய குருவை அழைத்தார். போருக்கு வயது 76. என்ன பேசினார்? 'ஒளியும் உயிரும்: மீண்டும் ஒரு பார்வை.' முப்பது வருஷத்துக்கு முன் தாம் செய்த பிரசங்கத்தையே எடுத்துத் தம் கையால் பிரித்துப் பார்த்தார்.

உயிரை ஆதி உண்மையாகக் கொள்ள வேண்டியிருக்கும் என்று அன்று கூறியதை நினைவூட்டினார். இடையில் வந்த கண்டுபிடிப்புக்களைப் பாராட்டினார். உயிரினங்களைப் பௌதிக, ரசாயனக் கருத்துக்களைக் கொண்டு ஆராய்வதற்கு இயற்கையே விதித்த எல்லை ஏதும் இருக்குமென்று எதிர்பார்க்கக் காரணமில்லை என்ற முடிவைச் சொன்னார். 'நான் சொன்னதை நீங்கள் தவறாகப் புரிந்து கொண்டீர்கள்' என்று சொல்லவில்லை. 'நான் அப்போதே சூசகமாகச் சொன்னேன்' என்று சொல்லவில்லை. எந்தச் சீடன் தம் வார்த்தையை நம்பி வாழ்க்கையைத் திருப்பிக் கொண்டானோ, அந்தச் சீடன் கட்டிய வீட்டில் நின்று கொண்டு சொன்னார்.

அந்த உரையைச் செப்பனிட்டு அச்சுக்குக் கொடுக்க அவருக்கு நேரமில்லை. அவ்வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி காலமானார். முடிவு பெறாத கையெழுத்துப் பிரதியாகவே அது பின்னால் வெளியாயிற்று.

இதைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் யோசித்தேன். அன்று போர் சொன்னது சரியில்லைதான். ஆனால் அதை அவர் சொல்லாமலிருந்தால் டெல்புரூக் அணுவோடு இருந்திருப்பார். கோடை வகுப்பு ஏது? லூரியாவோடு கூட்டு ஏது? இரட்டைச் சுருளை வேறு யாராவது வேறு எப்போதாவது கண்டிருக்கக் கூடும். ஆனால் நடந்த சரித்திரம் இந்த வழியாகத்தான் நடந்தது. பின்சென்னின் காரணம் வேறாயிருந்தது; முகங்கள் ஆறின. போரின் அனுமானம் தவறாயிருந்தது. ஒரு சாஸ்திரம் பிறந்தது. தவறு செய்தால் நல்லது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ தவறுகள் மனிதர்களைக் கொன்றிருக்கின்றன. இந்தத் தவறு பயன்பட்டதற்குக் காரணம், அதைச் சொன்னவர் அதைக் கேள்வியாக வைத்தார். கேட்டவர் அதைச் சோதனையில் இறக்கினார். சோதனையின் முடிவை இருவரும் ஒப்புக் கொண்டார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில், தீபாவளியன்று இரவு கதாநாயகி மொட்டை மாடியில் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணீர் விடுவதாக ஒரு கட்டம் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். 'தீபாவளி வருவது அமாவாசையை ஒட்டியல்லவா? அம்மணி எந்த நிலாவைப் பார்த்து அழுதாள்?' என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். நான் என்ன செய்தேன்? 'கதையில் வரும் நிலா பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல' என்று சாமர்த்தியமாகப் பதில் எழுதினேன். அதை நாலு நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். புத்தகமாக வந்தபோதும் அந்த நிலாவை நான் அணைக்கவில்லை.

நாலாம் நாள் காலை குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார்கள். கண்கட்டை அவிழ்த்ததும் அது வெளிச்சம் தாங்காமல் முகத்தைச் சுளித்தது. பொன்னிறம் போய், எங்கள் குடும்பத்துக்கே உரிய மாநிறம் வந்திருந்தது. அம்மாவிடம் பிலிருபினைப் பற்றி நான் படித்துத் தெரிந்து கொண்டதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"அன்றைக்கு எனக்குத் தெரியாது, அம்மா" என்றேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பழைய கடிதக் கட்டைப் பிரித்து, அந்த ஆசிரியரின் விலாசத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கார்டு வாங்கி வந்து, 'ஐயா, தாங்கள் சொன்னதே சரி. அன்று நிலா இல்லை' என்று எழுதித் தபாலில் போட்டேன். அடுத்த பதிப்பில் கதாநாயகி அகல் விளக்கு வெளிச்சத்தில் அழுவாள்.